ஆர்ட் பபிட்டின் வீட்டில் கூடிய வகுப்பு

போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்துக்கு வாற தங்கச்சி ஒருத்தி ஒரு கையேட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். ஏ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருக்கிறவள். நல்லாக் கீறுவாள். நாங்கள் புத்தகம் பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்கேக்க அவள் கொப்பியின் ஓரத்தில் எங்கட மூஞ்சிகளைக் கீறிக்கொண்டிருப்பாள். கையேடு ஒரு அனிமேஷன் பட்டப்படிப்புக்கானது. முன்பக்கங்கள் முழுக்க மென்பொருள்களின் பெயர்கள். கடைசிப் பக்கம் முழுக்க, படிப்பு முடிய என்னென்ன வேலை கிடைக்கும் என்ற பட்டியல்.

"அக்கா, இதைப் படிச்சா உண்மையாவே வேலை கிடைக்குமா?"

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களிட்டப் போய் இந்தக் கேள்வியைக் கேட்டாள் பாருங்கோ. வீட்டுக்கு வாற மாமாமாரிட்ட இருந்து நாங்களே மூன்று வருசமாத் தப்பி ஓடுற கேள்வி இது. தேடிப் பாத்துச் சொல்லுறம் எண்டு சொன்னம். எங்களுக்குத் தெரிந்த தேடல் ஒன்றுதான்: இது எங்க, யார், எதுக்காகத் தொடங்கினது என்று பார்ப்பது. அனிமேஷனை ஒரு படிப்பாக்கினது யார்? தேடத் தொடங்கினால் கதை லொஸ் ஏஞ்சல்ஸில், 1929இல் போய் நிற்கிறது.

அப்போது வோல்ட் டிஸ்னியின் ஸ்டூடியோ சின்னது. மிக்கி மவுஸ் வந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பத்திரிகைக் கேலிச்சித்திரம் கீறிப் பழகியவர்கள். பகிடி வரும், ஆனால் கை கால் எல்லாம் றப்பர் குழாய் மாதிரி வளையும். உடம்புக்குள் எலும்பு இருக்கிற மாதிரித் தெரியாது. டிஸ்னிக்கு அது காணாது. நெல்பேர்ட் சுவினார்ட் என்ற பெண்மணி 1921இல் தொடங்கிய சுவினார்ட் கலைக்கல்லூரி அந்த நகரில் இருந்தது. தன் ஆட்களை இரவு வகுப்புக்கு எடுக்கும்படி டிஸ்னி அவரிடம் கேட்டார். கட்டணம் கட்ட அந்த நேரம் கையில் காசில்லை. பரவாயில்லை, பிறகு பார்ப்போம் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். டிஸ்னி தானே காரோட்டி ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடியத் திரும்ப ஏற்றி வருவாராம். அனிமேஷன் படிப்பின் வரலாற்றில் முதல் முதலீடு ஒரு பெண் கொடுத்த கடன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

1932இல் ஸ்டூடியோவுக்கு ஆர்ட் பபிட் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். இந்தக் கதையில் எங்களுக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான். உடம்பு எப்படி அசையும் என்று தெரியாமல் அசைவைக் கீற ஏலாது என்று நினைத்து, தன் வீட்டுக்கு ஒரு மொடலைக் கூப்பிட்டு, கூட வேலை செய்யிற பெடியளையும் மாலையில் வரச் சொன்னார். மொடலின் உடம்பைப் பார்த்துக் கீறுகிற வகுப்பு. கிழமைக்குக் கிழமை கூட்டம் கூடிக்கொண்டே போனது. விசயம் டிஸ்னியின் காதுக்கு எட்டியது. டிஸ்னி ஆட்கள் தனிவீடொன்றில் கூடி நிர்வாணப் பெண்ணைப் பார்த்துக் கீறுகினம் என்று பத்திரிகையில் வந்தால் என்னாகும்? மானப் பிரச்சினை! ஸ்டூடியோவிலேயே நடத்துங்கோ, தேவையானதை நான் தாறன் என்றார். அதே ஆண்டு நவம்பர் 15இல் ஸ்டூடியோவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வகுப்பு தொடங்கியது. சுவினார்டில் படிப்பித்த டொன் கிரஹாம் ஆசிரியராக வந்தார்.

இந்த வகுப்பில் என்ன நடந்தது என்பது முக்கியம், ஏனென்றால் இண்டைக்கும் உலகம் முழுக்க அனிமேஷன் படிப்பிக்கிற முறையின் அடி இங்கேதான் இருக்கிறது. திரையில் ஒரு செக்கனுக்கு 24 சட்டகம் ஓடும். ஒருத்தன் கதிரையில் இருந்து எழும்புவதைக் காட்ட எத்தனையோ படம் கீற வேண்டும். அதில் எந்தப் படம் முக்கியமானது, எது இடையில் வந்து போவது, பாரம் எந்தக் காலில் நிற்கிறது, எழும்ப முதல் ஏன் உடம்பு கொஞ்சம் முன்னுக்குச் சரிகிறது, இதையெல்லாம் அதுவரை யாரும் ஒழுங்காகப் பிரித்துப் பார்க்கவில்லை. கிரஹாமுக்கே அனிமேஷன் தெரியாது. அவரும் சேர்ந்துதான் படித்தார். படச்சுருளைச் சட்டகம் சட்டகமாக ஓட்டிப் பார்த்து அசைவைப் பிரித்தார்கள். ஒருவர் கீறியதை எல்லோருக்கும் முன்னால் போட்டு விமர்சித்தார்கள். பபிட் 1934இல் கூஃபி என்ற பாத்திரத்தைப் பற்றி ஒரு விரிவுரை செய்தார். அந்த நாய் மூளையில் எப்படி யோசிக்கும், அதனால் எப்படி நடக்கும் என்று ஒரு மனிதனைப் பற்றிக் கதைப்பதுபோலக் கதைத்தார். கீறுகிறவன் ஒரு நடிகன் என்ற எண்ணம் இந்த வகுப்புகளில்தான் வளர்ந்தது.

1935 டிசம்பரில் டிஸ்னி கிரஹாமுக்கு நீண்ட ஒரு குறிப்பு எழுதினார். கீறுதல், நகைச்சுவை, நடிப்பு, இசை என்று என்னென்ன படிப்பிக்க வேணும் என்று வரிசையாக. ஒரு பாடத்திட்டம் என்றே சொல்லலாம். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஸ்னோ வைட் என்ற முழுநீளப் படம் கையில் இருந்தது, நூற்றுக்கணக்கான கைகள் தேவை. கிரஹாம் நியூயோர்க் வரை போய் ஆள் தெரிவு செய்தார். பொருளாதார மந்த காலம். வேலையில்லாமல் இருந்த ஓவியர்கள், கட்டடக் கலைஞர்கள் எல்லாம் வந்து வரிசையில் நின்றார்கள். படம் 1937 டிசம்பர் 21இல் வெளிவந்து வசூலைக் குவித்தது.

கையேட்டின் கடைசிப் பக்கத்துக்கு இது நல்ல விளம்பரம் மாதிரி இருக்கும், இல்லையா? படிப்பு இருந்தது, வேலையும் இருந்தது. ஆனால் அந்த வகுப்புக்குள் யார் இருந்தார்கள் என்று பார்க்கத்தான் எங்களுக்கு முகம் மாறியது.

ஸ்டூடியோவில் கனக்கப் பெண்கள் வேலை செய்தார்கள். மையும் வர்ணமும் என்ற பகுதியில். ஆண்கள் கடதாசியில் பென்சிலால் கீறியதை அவர்கள் ஒளிபுகும் செலுலொயிட் தாளில் மையால் பிரதியெடுப்பார்கள். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் வர்ணம் தீட்டுவார்கள். கை கொஞ்சம் நடுங்கினால் திரையில் கோடு துடிக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யிற வேலை. 1938 யூனில், பயிற்சிக்கு விண்ணப்பித்த ஒரு இளம்பெண்ணுக்கு ஸ்டூடியோ அனுப்பிய பதில் கடிதம் இண்டைக்கும் இருக்கிறது. படைப்பு வேலை முழுவதையும் இளம் ஆண்கள்தான் செய்கிறார்கள், அதனால் பெண்களைப் பயிற்சிக்கு எடுப்பதில்லை என்பது அதன் சாரம். பெண்களுக்கு மையும் வர்ணமும் மட்டும்தான் திறந்திருக்கிறது, அதற்கும் விண்ணப்பிக்கிறவர்கள் தொகை கூட, நம்பி வராதீர்கள் என்றும் சொல்கிறது. கடிதத்தாளில் ஸ்னோ வைட்டின் படம்! கடிதத்தில் கையெழுத்து வைத்திருந்ததும் ஒரு பெண்தான். தங்கச்சிக்கு இதைக் காட்டினோம். அவள் ஒன்றும் சொல்லேல்ல, போனை வாங்கி இன்னொருக்கா வாசித்தாள்.

திறமை இல்லாததால்தான் விடவில்லை என்று யாரும் சொல்ல ஏலாது. ரெட்டா ஸ்கொட் சுவினார்டில் படித்தவர். முதலில் கதைப் பகுதியில் இருந்தார். அவர் கீறிய வேட்டை நாய்களின் வெறியைப் பார்த்தபின், பம்பி படத்தில் அந்தக் காட்சியை அவரிடமே கொடுத்தார்கள். 1942இல் டிஸ்னி படமொன்றில் அனிமேற்றர் என்று திரையில் பெயர் வந்த முதல் பெண் அவர். மேரி ப்ளேரும் சுவினார்ட் மாணவிதான். சிண்டரெல்லா, பீட்டர் பான் படங்களின் நிறங்கள் அவர் மனதில் இருந்து வந்தவை. நெல்பேர்ட் அம்மாவின் கல்லூரிக்குள் பெண்கள் படிக்கலாம். அந்தக் கல்லூரிக்கு ஆட்களை அனுப்பிய ஸ்டூடியோவில் கதவைத் தட்டினால் கடிதம் வரும். படிப்புக்கும் வேலைக்கும் இடையில் நிற்கிற கதவு வேறொன்று என்று எங்களுக்கு விளங்கியது இங்கேதான்.

டைரஸ் வொங்கின் கதையும் அப்படித்தான். சீனாவில் இருந்து சின்னப் பெடியனாக அப்பாவோடு வந்தவர். மை வாங்கக் காசில்லாமல், தூரிகையைத் தண்ணியில் தோய்த்துப் பழைய பத்திரிகையில் எழுத்துப் பழக்கினாராம் அப்பா. உதவித்தொகையில் ஓட்டிஸ் கலைக்கல்லூரியில் படித்தார். டிஸ்னியில் 1938இல் கிடைத்தது இடைப்படம் கீறுகிற வேலை: ஒருவர் கீறிய முக்கியமான இரண்டு படங்களுக்கு நடுவில் வரும் படங்களை நாள் முழுக்கக் கீறுவது. பம்பி தயாராகிறது என்று கேள்விப்பட்டு, பழைய சீன நிலக்காட்சி ஓவியங்களின் சாயலில் காட்டையும் பனிமூட்டத்தையும் கீறிக் காட்டினார். படத்தின் முழுத் தோற்றமும் அதிலிருந்துதான் வந்தது. திரையில் அவர் பெயர் வந்தது பின்னணி ஓவியர்களில் ஒருவராக. (வயது போன காலத்தில் பெரிய பெரிய பட்டம் கட்டி சன்ரா மொனிக்கா கடற்கரையில் ஏற்றுவாராம். பூரான் மாதிரி நீண்ட பட்டங்கள். வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவுக்கு வந்திருந்தால் எங்கட ஆட்கள் தோளில் தூக்கியிருப்பினம்.)

இனி பபிட்டுக்குத் திரும்புவோம். 1940இல் வந்த பினோக்கியோவும் ஃபண்டேசியாவும் நட்டம். போரால் ஐரோப்பியச் சந்தை மூடிக் கிடந்தது. ஆட்குறைப்பு பற்றிய பயம், ஸ்னோ வைட் லாபத்தில் தங்களுக்கு வரவேண்டியது வரவில்லை என்ற மனக்குறை, ஒரே வேலைக்கு ஆளுக்கொரு சம்பளம், எல்லாம் சேர்ந்து கொதித்தது. குறும்படங்களில் கீறியவர்களின் பெயர்கூட வருவதில்லை. வோல்ட் டிஸ்னி என்ற ஒரே பெயர்தான். பபிட் கூடச் சம்பளம் வாங்கியவர்களில் ஒருவர். அவருக்குத் தனிப்பட்ட குறை பெரிதாக இல்லை. ஆனாலும் உதவியாளர்களுக்கும் வர்ணம் தீட்டும் பெண்களுக்கும் கிடைத்த சம்பளத்தைப் பார்த்துத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். 1941 மே இறுதியில் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அடுத்து நூற்றுக்கணக்கானோர் வாசலில் மறியலுக்கு இறங்கினார்கள். ஓவியர்களின் மறியல் என்பதால் பதாகைகள் எல்லாம் அழகாக இருந்தனவாம். கோடை முழுக்க இழுபட்டு, கடைசியில் டிஸ்னி தொழிற்சங்கத்தை ஏற்க வேண்டி வந்தது.

அந்த வகுப்பு இல்லாவிட்டால் இந்த வேலைநிறுத்தம் வந்திருக்குமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. எங்களில் சிலருக்கு இது கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிற வாதமாகப்பட்டது. காரணம் சம்பளம்தானே, வகுப்பு என்ன செய்தது என்றார்கள். ஆனால் எங்களில் கூடுதலானோருக்குப் பட்டது இதுதான்: வருசக்கணக்காக மாலையில் ஒன்றாக இருந்து, ஒருவர் கீறியதை இன்னொருவர் விமர்சித்துப் பழகிய ஆட்கள், தாங்கள் செய்வது வெறும் கூலிவேலை இல்லை என்று தெரிந்துகொண்ட ஆட்கள், பெயரில்லாமல் இருக்கச் சம்மதிப்பது கஷ்டம். ஸ்டூடியோ தனக்குத் தேவையான கையைப் பயிற்றப் போனது. கையோடு சேர்ந்து ஆளும் வளர்ந்துவிட்டான்.

பின்விளைவும் இருந்தது. மறியலில் நிற்காத டைரஸ் வொங்கை, அதன் பின்னான ஆட்குறைப்பில் நீக்கினார்கள். பம்பி வெளிவரும்போது அவர் அங்கே இல்லை. 1947இல் வோல்ட் டிஸ்னி வொஷிங்டனில் விசாரணைக் குழுவொன்றின் முன் போய், வேலைநிறுத்தத்துக்குப் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள் என்று சாட்சி சொன்னார். வெளியேறியவர்களில் சிலர் தொடங்கிய யூ.பி.ஏ. ஸ்டூடியோ, தட்டையான வடிவங்களும் துணிச்சலான நிறங்களுமாக, டிஸ்னி வகுப்பில் படித்ததைத் தலைகீழாக்கிப் படம் எடுத்தது. 1950இல் வந்த அவர்களின் ஜெரால்ட் மெக்போயிங்-போயிங் ஒஸ்கார் வாங்கியது.

அடுத்த கட்டம்தான் நாங்கள் இண்டைக்குப் பட்டப்படிப்பு என்று சொல்லுறது. சுவினார்ட் கல்லூரியும் ஒரு இசைக் கல்லூரியும் 1961இல் சேர்ந்து கலிபோர்னியா கலை நிறுவனம் ஆனது, சுருக்கமாகக் கல்ஆர்ட்ஸ். 1970களில் டிஸ்னியின் பழைய அனிமேற்றர்கள் ஓய்வுபெறும் வயதுக்கு வந்திருந்தார்கள். பிறகு யார் கீறுவது? அதற்காக 1975இல் கல்ஆர்ட்ஸில் பாத்திர அனிமேஷன் பாடநெறி தொடங்கியது. டிஸ்னியில் இருந்த ஜக் ஹனா தலைமை. முதல் அணியில் ஜோன் லாசெட்டர், ப்ராட் பேர்ட், கொஞ்சம் பிந்தி டிம் பேர்ட்டன். பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தொகை. அவர்கள் படித்த அறையின் இலக்கம் ஏ113. பிக்ஸார் படங்களைக் கவனமாகப் பார்த்தால் கார் இலக்கத்தகட்டிலோ கதவிலோ இந்த இலக்கம் ஒளிந்திருக்கும்.

ஸ்டூடியோவுக்காகவே வளர்த்த இந்தப் பெடியளை ஸ்டூடியோ என்ன செய்தது? பேர்டையும் லாசெட்டரையும் வேலையை விட்டு அனுப்பியது. கணினியில் படம் செய்யலாம் என்று லாசெட்டர் சொன்னது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த சின்னக் கூட்டம் 1986இல் பிக்ஸார் ஆனது, 1995இல் டோய் ஸ்டோரி வந்தது, 2006இல் டிஸ்னி பிக்ஸாரை 7.4 பில்லியன் டொலருக்கு வாங்கியது. இடையில் 2004இல் கையால் கீறும் புளோரிடாக் கிளையை டிஸ்னி மூடியது. நாலு வருசம் பென்சிலோடு இருந்து படித்தவர்கள் மவுஸைப் பிடிக்கப் பழக வேண்டியதாயிற்று. ஒரு ஸ்டூடியோவின் இண்டைய தேவைக்குத் தைத்த படிப்பு, சட்டை மாதிரி, அளவு மாறப் போடேலாது. கையேட்டில் இருந்த அந்த மென்பொருள் பெயர்களை இதுக்குப் பிறகு பார்த்தால் கொஞ்சம் பயமாக இருந்தது.

வேலை இருந்தாலும் அது எங்கே இருக்கிறது என்பதும் மாறிக்கொண்டே போகிறது. சிம்ப்சன்ஸின் கதையையும் அடிப்படைக் காட்சிப் படங்களையும் அமெரிக்காவில் வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான படங்களைச் சோலில் கீறுவித்தார்கள். திருவனந்தபுரம், ஹைதராபாத், மும்பை எல்லாம் அந்தச் சங்கிலியில் வந்தன. கிழக்கே வேலை வந்தது நல்லதுதானே என்று நாங்களும் நினைத்தோம். ஆனால் பெரும்பாலும் வந்தது வொங்கின் மேசை: நடுவில் வரும் படங்கள். 2013 பெப்ரவரியில் ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் வங்குரோத்துக்குப் பதிவு செய்தது. அதே மாதம் அவர்கள் வேலை செய்த லைஃப் ஒஃப் பை படத்துக்குக் காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் கிடைத்தது. மண்டபத்துக்கு வெளியே கலைஞர்கள் மறியலில் நின்றார்கள். உள்ளே, விருது வாங்கியவர் நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்க, இசையைக் கூட்டி மைக்கை நிறுத்தினார்கள். அடுத்த வருசம் இன்னொரு வழக்கு: ஒருவரின் ஆட்களை இன்னொருவர் இழுக்கக் கூடாது என்று பெரிய ஸ்டூடியோக்கள் தங்களுக்குள் பேசி வைத்துச் சம்பளத்தை அமுக்கினார்கள் என்று. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, டிஸ்னி, பிக்ஸார், ட்ரீம்வேர்க்ஸ் உள்ளிட்டவை மொத்தமாக ஏறத்தாழ 170 மில்லியன் டொலர் கட்டி அதை முடித்தன.

பெண்களின் கணக்கு? 2015 அளவில் கல்ஆர்ட்ஸ் அனிமேஷன் மாணவர்களில் ஏறத்தாழ 70 வீதம் பெண்கள். அதே காலத்தில் தொழிற்சங்க ஒப்பந்தத்தின் கீழ் ஹொலிவூட் பகுதியில் வேலை செய்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குதான் பெண்கள். கல்ஆர்ட்ஸில் படித்த பிரெண்டா சப்மன், தன் மகளை நினைத்து உருவாக்கிய பிரேவ் படத்தின் இயக்கத்தில் இருந்து நடுவழியில் மாற்றப்பட்டார். படம் 2012இல் வந்து ஒஸ்கார் வாங்கியபோது மேடையில் அவரும் நின்றார், அவருக்குப் பதிலாக வந்தவரும் நின்றார்.

இவ்வளவையும் தங்கச்சிக்குச் சொல்லி முடிக்க இரவு எட்டரை ஆகிவிட்டது. "அப்ப படிக்க வேணாமா?" என்றாள். நாங்கள் அப்படிச் சொல்லேல்ல. அந்தக் கல்லூரிக்குப் போய்க் கேக்க வேண்டிய கேள்விகளைத்தான் ஒன்றாக எழுதினோம். மென்பொருள் எத்தனை என்று அல்ல, கீறுவதற்கு எத்தனை மணித்தியாலம்? படிப்பிக்கிறவர்கள் தாங்கள் கீறினதைக் காட்டுவார்களா? முடித்துப்போன அக்காமார் இப்ப எந்த மேசையில் இருக்கினம்? படத்தில் அவையின் பெயர் வருகுதா? ஒப்பந்தத்தை யாராவது வாசிக்கப் பழக்குவினமா?

பபிட்டின் மிச்சக் கதையைச் சொல்ல மறந்திட்டம். வழக்காடி வேலையைத் திரும்பப் பெற்றாலும், டிஸ்னியில் அவர் நிலைக்கவில்லை, யூ.பி.ஏ.க்குப் போனார். 1973இல் ரிச்சர்ட் வில்லியம்ஸ் அவரை லண்டனுக்குக் கூப்பிட்டு, தன் ஸ்டூடியோ ஆட்களுக்கு வகுப்பெடுக்க வைத்தார். வயதான மனிதர், முப்பதுகளில் பிடித்த அதே விசயத்தைத் திரும்பத் தொடங்கினார்: நடை, பாரம், ஒரு பாத்திரம் எப்படி யோசிக்கிறது. வில்லியம்ஸ் அங்கே படித்ததையும், மற்றப் பழைய ஆட்களிடம் படித்ததையும் சேர்த்து 2001இல் ஒரு தடித்த புத்தகமாக்கினார். உலகத்தில் அனிமேஷன் படிக்கிற அநேகமான ஆட்களின் கையில் இருக்கிற புத்தகம் அது.

தங்கச்சியிடமும் இருக்கிறது. ஒன்றுவிட்ட அண்ணா ஆரிடமோ வாங்கி ஃபோட்டோகொப்பி அடித்த பிரதி. சில பக்கங்கள் கறுத்துப்போய் ஒன்றும் தெரியாது. நேற்று இரவு எங்கட குழுவுக்கு ஒரு சின்ன வீடியோ அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு படம், கொப்பித்தாளில் கீறிப் போனில் எடுத்தது. ஒரு கிழவி சந்தைப் பையோடு நடக்கிறா. ஒரு கால் மற்றக் காலைத் தாண்டுகிற இடத்தில் உடம்பு கொஞ்சம் உயர வேணுமாம், அது மட்டும் இன்னும் சரிவரேல்ல எண்டு கீழே எழுதியிருந்தாள்.